நாற்பத்தோராம் பக்கத்து அதிபர்

மகன்,

நீ சேரப்போகிற நிறுவனத்திலிருந்து அனுப்பிய பயிற்சிப் பொதியைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு நீலப் பெட்டி போட்டு, பதினாலு வருடத்துக்கு முன் நான் எழுதியதைச் சுருக்கி அதற்குள் அடைத்திருக்கிறார்கள். ‘நெகிழ்வு நேரப் பாடசாலை: கிழக்குக் கரையிலிருந்து ஒரு வெற்றிக் கதை’ என்று தலைப்பு. பக்கத்தில் சிரிக்கிற பிள்ளைகளின் படம். எந்த நாட்டுப் பிள்ளைகளோ தெரியாது. எங்கள் கரையில் யாரும் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு மணலில் நின்று சிரிப்பதில்லை. “அம்மா, இது உங்கட அறிக்கை எண்டு சொன்னவுடன எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை” என்று எழுதியிருக்கிறாய். தட்டியிருப்பார்கள். கை தட்டுவதற்குத்தான் அங்கே சம்பளம் கொடுக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வரிதான் என்னைக் கதிரையிலிருந்து எழுப்பியது. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற பாடசாலை அதிபரை உனக்கு நேரில் தெரியும், சின்ன வயதில் அவர் வீட்டில் இருந்திருக்கிறாய் என்று அதே கூட்டத்தில் உன் பணிப்பாளரிடம் சொல்லிவிட்டாயாம். அந்த மனிதர் துள்ளிக் குதித்து, அவரைக் கண்டுபிடிப்போம், வீடியோவில் பேசவைப்போம், ‘அன்றும் இன்றும்’ என்று ஒரு புதிய அறிக்கை செய்வோம் என்றாராம். திங்கட்கிழமை நீ ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்கு முன் அதிபர் ரீச்சரின் போன் நம்பரை அனுப்புங்கோ அம்மா என்று கேட்டிருக்கிறாய், கடைக்குப் போகிறவளிடம் ஒரு சவர்க்காரக் கட்டியும் வாங்கி வரச் சொல்கிற மாதிரி.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கத் தருகிறேன். நான் செய்ததை நான்கு சுவருக்குள் செய்யவில்லை. பளபளப்பான அட்டை போட்டு, மூன்று மொழிகளில் அச்சடித்துச் செய்தேன். மன்னிப்பை மட்டும் உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்ப எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்னுடைய தொழிலைப் பற்றி உனக்கு எப்போதும் ஒரு பெருமை இருந்தது. அதைக் கெடுக்காமல் வைத்திருந்தது என் தவறு. நான் மானிடவியல் படித்தவள். மனிதர்களோடு போய் இருந்து, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுகிற படிப்பு. படிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பி வந்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும்? அந்தக் காலத்தில்தான் பாடசாலைச் சீர்திருத்தம் என்ற திருவிழா இங்கே கொடியேறியது. துறைமுகத்துக்குக் கப்பல் வந்ததோ இல்லையோ, நகரத்துக்கு ஆலோசகர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடி ஏற்றிய வாகனத்தில் வந்து, ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டு, தமிழில் வந்த பதிலை யாரோ அரைகுறையாக மொழிபெயர்க்க, அதைத் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த முடிவாக எழுதிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹொட்டலுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவராவது ஒரு வகுப்பை நாற்பது நிமிடம் தனியே சமாளித்ததில்லை. நானும் சமாளித்ததில்லை. ஆனால் எனக்குத் தமிழ் தெரியும், கிராமத்தில் போய் இருக்கத் தெரியும், அழகாக எழுதத் தெரியும். அதனால் அவர்களுக்கு நான் வேண்டியவளாகிப் போனேன். அவர்களைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே அவர்களின் வாகனத்தில் ஏறினேன். இன்றைக்கு யோசித்தால் அவர்களை விட நான் மோசம். அவர்களுக்குத் தாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்பதே தெரியாது. நான் பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

அந்தக் கடற்கரை ஊர் உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா வெளிநாட்டில், உன்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நகரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தவணைக்கு, மூன்று மாதம், நிற்பாட்டி உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். அதிபர் தன் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தந்தார். நான் கொப்பியும் பேனையுமாகத் திரிந்தேன். நீ இரண்டாம் நாளே கரையில் நின்று பெடியன்களோடு கரைவலைக் கயிறு இழுத்தாய். பெரிய வலையை வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஊரே நின்று கரைக்கு இழுக்கிற வேலை. விடியத் தொடங்கி, முடிய ஒன்பது மணியாகும். நீ காற்சட்டை நனைய, உனக்குத் தந்த நாலு சூடை மீனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடி வருவாய். நகரத்தில் இரண்டு வருடமாக உனக்குப் பிடிபடாத பிரித்தல் கணக்கை அந்த ரீச்சர் இரண்டு கிழமையில் படிப்பித்தார். நூற்றுப் பதினேழு சூடை, எட்டுப் பேர், ஆளுக்கு எத்தனை? பதினாலு என்றாய். மீதி ஐந்தையும் என்ன செய்கிறது என்று கேட்டார். பூனைக்குக் குடுப்பம் ரீச்சர் என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் பூனையே எழுந்து வெளியே போய்விட்டது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அரசாங்கத்தின் நேரப்படி காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியவேண்டும். ஆனால் கரைவலைக் காலத்தில் ஏழரைக்கு ஒரு பிள்ளையும் வராது, எல்லாம் கரையில் நிற்கும். அதிபர் அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வலையின் மடி, அதுதான் மீன் சேர்கிற அந்தக் கடைசிப் பை, கரைக்கு வந்து சேர்ந்ததும் மணி அடிப்பார் என்று நான் எழுதினேன். ஒன்பதரைக்குப் பாடம் தொடங்கும், மூன்றரை வரை நடக்கும். பிள்ளைகளுக்கு ஒரு நிமிடமும் குறையாது. அவரும் மற்ற இரண்டு ஆசிரியர்களும் மத்தியானம் வீட்டுக்குப் போகாமல் நின்று படிப்பித்தார்கள். ஆனால் வரவு இடாப்பில் மட்டும் ஏழரை என்றே எழுதுவார்கள். அதுதான் அந்தப் பள்ளிக்கூடம் உயிரோடிருந்த இரகசியம். ஊருக்கு முழுக்கத் தெரியும், கல்விப் பணிமனைக்குத் தெரியாது.

இதை அவர் எனக்கு ஒரு நாள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு என் கொப்பியைப் பார்த்தார்.

“உதையும் எழுதப்போறியளோ?”

“ஓம் ரீச்சர். இது எவ்வளவு பெரிய விசயம் தெரியுமே? எல்லாப் பள்ளிக்கூடமும் படிக்கோணும்.”

“பேர் போடுவியளோ?”

“சீச்சீ. உங்கட பேரையும் ஊரின்ர பேரையும் மாத்திப்போடுவன். எங்கட படிப்பில அதுதான் முதல் சட்டம்.”

“அப்ப சரி,” என்றுவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

மாற்றினேன் மகன். அவருக்கு ஓர் அழகான புனைபெயர் வைத்தேன். ஊருக்கும் ஒன்று வைத்தேன். மிச்சம் எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். அந்தக் கரையில் பெண் அதிபர் இருந்த பள்ளிக்கூடம் அது ஒன்றுதான். கூரை எப்படியிருந்தது, மணிக்குப் பதிலாக என்ன தொங்கியது, வாசலில் நின்றால் கடலில் எது தெரியும் என்று வரி வரியாக எழுதினேன். ஏன் தெரியுமா? அந்த வரிகள் நன்றாக வந்திருந்தன. வெட்ட மனம் வரவில்லை. பேரை மாற்றினால் ஆளை மறைத்துவிட்டதாக நினைப்பது எங்கள் துறையில் படித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய மடைத்தனம். மீன் வாங்க வருகிற வியாபாரி அந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் பள்ளிக்கூடத்தைச் சொல்லியிருப்பான். பணிமனை அதிகாரிக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

என் பந்தியில் நான் பாராட்டியிருந்தேன். அதிகாரி அதே பந்தியை வாக்குமூலமாகப் படித்தார். வரவு இடாப்பில் பொய்ப் பதிவு, பிள்ளைகளை வேலைக்கு விட்டது, நேர ஒழுங்கு மீறல் என்று மூன்று குற்றச்சாட்டு. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தேத்தண்ணி தந்து மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

“மிஸ், நீங்கள் எழுதினது இந்தப் பள்ளிக்கூடந்தானே?”

“மன்னிக்கோணும். தகவல் தந்த ஆளின்ர அடையாளத்தை நான் வெளியில சொல்லேலாது. அது எங்கட நெறிமுறை.”

“அப்ப அது இல்லை எண்டாவது சொல்லுங்கோவன்.”

“அதையும் சொல்லேலாது.”

“சரி, விளங்குது,” என்று சொல்லி அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

அந்த மனிதருக்கு என்ன விளங்கியது என்பது எனக்கும் விளங்கியது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அந்த அதிபர் மூன்றரை வரை நின்று படிப்பிக்கிறார், அவர் திருடியது தன்னுடைய பின்னேரத்தை மட்டுந்தான், நீங்கள் தண்டிக்கவேண்டுமானால் இதை நாடு முழுக்கச் சொன்ன என்னைத் தண்டியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் மகன் அங்கே ஒரு தவணை படித்தான், அவன் கணக்கைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே வந்து ஓட்டோவில் ஏறும்போது எனக்குள்ளே ஒரு பெருமை கூட இருந்தது, நெறிமுறையைக் காப்பாற்றிவிட்டேனாம். இப்போது அதை நினைத்தால் காறித் துப்பவேண்டும் போல் இருக்கிறது. தகவல் தந்தவரைக் காப்பாற்ற எழுதிய சட்டத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நான் நனையாமல் வீட்டுக்கு வந்தேன்.

அவருக்குத் தண்டனை இடமாற்றம், தம்பலகாமத்துக்கு அப்பால் யானை வருகிற ஒரு வயற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு. கிழமை நாட்களில் அங்கே ஒரு வாடகை அறை, வெள்ளி பின்னேரம் இரண்டு பஸ் ஏறி வீடு. நீ ஒருநாள், ரீச்சர் ஏன் இப்போது அங்கே இல்லை என்று கேட்டாய். பதவி உயர்வு கிடைத்துப் போய்விட்டார் என்று உனக்கு நான் பொய் சொன்னேன். புதிதாக வந்த அதிபர் ஏழரைக்கு மணி அடித்தார். ஏழரைக்கு யாரும் வரவில்லை. வரவு குறைந்தது, குறைந்த வரவைக் காட்டி இரண்டு வருடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றோடு சேர்த்தார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் போனார்கள், மீதிப் பேர் கரையோடு நின்றுவிட்டார்கள். சேர்க்கலாம் என்ற பரிந்துரையை எழுதியவரும் ஓர் ஆலோசகர்தான். நல்ல வேளை, நான் இல்லை என்று அப்போது நிம்மதிப்பட்டேன் பார், அந்த நிம்மதியையும் எழுதி வைக்கிறேன்.

என் அறிக்கையோ மேலே மேலே போனது. கொழும்பில் கொண்டாடினார்கள். அந்த ஒரு பந்தியால் நான் ‘நிபுணர்’ ஆனேன். நெகிழ்வு நேரப் பாடசாலை என்று அதற்கு ஒரு பெயர் வைத்து, மாகாணத்து அதிபர்களுக்கெல்லாம் செயலமர்வு நடத்த என்னையே அனுப்பினார்கள். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹொட்டல் மண்டபம், குளிரூட்டி, புரொஜெக்டர். ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கிற மனிதர்களை எழுப்பி, வட்டமாக நிற்கவைத்து, உங்களுக்குப் பிடித்த மிருகம் போல் சத்தம் போடுங்கள் என்று விளையாட்டுக் காட்டினோம். பெரிய டிமைத் தாளையும் கலர் மார்க்கரையும் கொடுத்து, நெகிழ்வு என்றால் என்ன என்று குழுவாகப் படம் கீறச் சொன்னோம். முப்பது வருடம் வெயிலில் நின்று படிப்பித்த கைகள் மஞ்சள் துண்டுகளைச் சுவரில் ஒட்டின. மூன்றாவது வரிசையில் அவர் இருந்தார் மகன். வயற்காட்டுப் பள்ளிக்கூடத்தின் சார்பில் அனுப்பியிருந்தார்கள், நெகிழ்வு நேரத்தைப் பற்றிப் பயிற்சி பெற.

நான் நிறுத்தவில்லை. அவருடைய பள்ளிக்கூடத்தை அவருக்கே படிப்பித்தேன். ஒன்றரை மணித்தியாலம். அவர் கொப்பியைத் திறந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளையில் கோப்பையோடு நேராக என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன், திட்டியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நல்லாப் படிப்பிச்சியள்,” என்றார். “ஒரு இடந்தான் பிழை.”

“எது ரீச்சர்?”

“மடி கரைக்கு வந்து சேந்தாப்பிறகு மணி அடிக்கிறேல்லை. தூரத்தில மடி தெரியத் தொடங்கேக்கையே அடிச்சிடுவன். பிள்ளையள் குளிச்சு உடுப்பு மாத்திக்கொண்டு வர நேரம் வேணுமெல்லே? ஈரத்தோட ஆர் வகுப்பில இருக்கிறது?”

“நான்… நான் கவனிக்கேல்லை.”

“மூண்டு மாதம் என்ர வீட்டில தானே இருந்தனீங்கள்,” என்று சொல்லிவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் கதை. பின்னேர அமர்வில், மடி கரைக்கு வந்ததும் மணி என்று காட்டுகிற என் படத்தை மறுபடி திரையில் போட்டேன், திருத்தாமல். உன் பொதியின் நாற்பத்தோராம் பக்கத்தில் அந்தப் பிழை இன்றைக்கும் நீலப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. எத்தனையோ பேர் கை தட்டிய வெற்றிக் கதையில், பிள்ளைகள் உப்புத் தண்ணீரோடு வந்து வகுப்பில் குந்துகிறார்கள். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

நீ என்னிலும் நல்லவன் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம். கெட்டவர்கள் இந்தத் தொழிலில் பெரிதாக ஒன்றும் கெடுப்பதில்லை. அவர்களிடம் யாரும் குசினியில் இருந்து கதைப்பதில்லை. உன்னிடம் கதைப்பார்கள். உனக்கு மனிதர்களைப் பிடிக்கும், நீ கேட்டால் யாரும் மறைக்கமாட்டார்கள். அப்படிக் கதைத்ததை எல்லாம் நீ அன்போடு எழுதிக் கொடுப்பாய். கொடுத்தபிறகு அது யார் மேசையில் போய்க் கிடக்கிறது என்று உன்னால் பார்க்க ஏலாது. உன் வேலை இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் ஒன்று செய்துவிட்டாய். நான் பாதி மறைத்து வைத்த ஆளை, எனக்குத் தெரியும் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிக் கை தட்டு வாங்கியிருக்கிறாய். எனக்கு மூன்று மாதமும் ஓர் அறிக்கையும் பிடித்த அசிங்கத்துக்கு உனக்கு ஒரு கூட்டம் போதுமாக இருந்திருக்கிறது.

ஒப்பந்தத்தையும் அனுப்பியிருந்தாய், படித்தேன். நீ படித்திருக்கமாட்டாய். ஒன்பதாம் பிரிவைப் பார். அறிக்கையின் வரைவை வெளியாட்கள் எவருக்கும் காட்டக்கூடாது என்று இருக்கிறது. வெளியாள் யார் தெரியுமா? ரீச்சர்தான். தன்னைப் பற்றி எழுதியதை அவர் பார்க்கக்கூடாது, கொழும்பில் இருக்கிற முகம் தெரியாத பத்துப் பேர் பார்க்கலாம். நான் எழுதியதை அச்சுக்குக் கொடுக்கமுன் அந்தக் குசினியில் இருந்து ஒரு தடவை வாசித்துக் காட்டியிருந்தால், மணி எப்போது அடிக்கிறது என்பதும் திருந்தியிருக்கும், அந்தப் பள்ளிக்கூடமும் இருந்திருக்கும். என்னுடைய ஒரே புத்திமதி இதுதான்: திங்கட்கிழமை ஒன்பதாம் பிரிவை வெட்டச் சொல். வெட்டமாட்டோம் என்றால் கையெழுத்து வைக்காமல் எழும்பி வா. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால் நான் சோறு போடுகிறேன். கூடவே வாய்க்கு வந்தபடி பேசுவேன், அதையும் சாப்பிடு.

இந்தக் கடிதத்தை இதுவரை எழுதிவிட்டு வியாழக்கிழமை பஸ் ஏறி அவரிடம் போனேன். ஓய்வுபெற்று, அதே வீட்டில்தான் இருக்கிறார். முன்னால் நீட்டி, இதை வாசித்துப் பாருங்கள், வேண்டாம் என்றால் கிழித்துப் போடுகிறேன் என்றேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தார். பிறகு அலுமாரிக்குப் போய் ஒரு சிவப்புப் பேனையும் எடுத்து வந்தார். நான் அவருக்கு முன்னால் கதிரை நுனியில் இருந்தேன், பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளை மாதிரி. அவர் கணவரைப் பற்றி எழுதியிருந்த வரிகளை அடித்தார். வலைச் சொந்தக்காரரின் பெயரை அடித்தார். மற்ற இரண்டு ஆசிரியர்களைப் பற்றி இருந்த ஒரு பந்தியை முழுவதும் அடித்தார். தம்பலகாமத்தை விட்டுவிட்டார். “யானைக்கென்ன, அது வழக்குப் போடாது,” என்றார். மணி அடிக்கிற கதையையும் அடிக்காமல் விட்டிருந்தார். நான் கேட்டேன்.

“ரீச்சர், இந்த இடாப்பு விசயம்? இதை எடுத்துவிடட்டே?”

“இனி எதை மறைக்க? பள்ளிக்கூடமே போயிட்டுது. சனம் இருக்குதெல்லே, சனத்தை மட்டும் வெட்டினனான்.”

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. அவர் அழுது முடித்துப் பல காலம் ஆகியிருக்கவேண்டும், நான் அந்த இடத்திலும் பிந்தித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் எழும்பிக் குசினிக்குப் போனார். பிளேன்டீ போட்டுத் தந்தார். பிறகு நீ போன் நம்பர் கேட்டதைச் சொன்னேன்.

“ஆர், மிச்ச மீனைப் பூனைக்குக் குடுத்த பெடியனோ?”

“ஓம் ரீச்சர்.”

“என்ர பிள்ளையா வந்தாச் சோறு இருக்கு. ஓபிசில இருந்து வந்தா நான் வீட்டில இல்லை.”

இதற்குக் கீழே, அவர் சம்மதித்தால் உனக்குக் கொடுக்கலாம் என்று, போகமுன் அவருடைய போன் இலக்கத்தை எழுதி வைத்திருந்தேன். அதையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். வீடு உனக்குத் தெரியும். ஒரு தவணை முழுக்க அந்தப் படலையைத் திறந்து மூடியவன் நீ. போகிறதென்றால் கொப்பியை என்னிடம் தந்துவிட்டுப் போ.

அம்மா